வெள்ளோட்ட நாளில் படகு ஏன் கவிழ்கிறது?

குப்பத்துக்காரன்

வணக்கம். கடலூருக்குத் தெற்கே எங்கள் ஊரில் மச்சான் ஒரு ஃபைபர் படகு கட்டிக்கொண்டிருக்கிறார். நீளம் 32 அடி, அகலம் 2.4 மீட்டர், உள்ளே டீசல் என்ஜின். வெயில் தாங்க முடியவில்லை என்று மேலே ஒரு கூரை போட்டிருக்கிறார். அந்தக் கூரையின் மேல் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைக்கப்போகிறாராம். வீட்டில் போல் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்ட வேண்டுமாம். அடுத்த மாதம் வெள்ளோட்டம்.

இந்த நேரம் பார்த்து அந்தத் துருக்கிக் காணொளி கண்ணில் பட்டுவிட்டது. 2025 செப்டம்பரில் ஸோங்குல்டாக் கடற்கரையில் ‘டோல்சே வென்டோ’ என்ற புத்தம்புதிய சொகுசுப் படகை இறக்குகிறார்கள். சில நிமிடங்களில் ஒருபக்கமாகச் சாய்ந்து மூழ்கிவிடுகிறது. இருந்தவர்கள் குதித்து நீந்திக் கரையேறிவிட்டார்கள். உள்ளே தண்ணீர் புகுந்ததா, படகே நிலையில்லாமல் இருந்ததா என்று காணொளியை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை. நான் செய்த தப்பு அதை அக்காவுக்கு அனுப்பியது. அன்றிலிருந்து வீட்டில் தூக்கமில்லை.

அலை இல்லை, காற்று இல்லை, படகோ புதியது. பிறகு ஏன் கவிழவேண்டும்?

நீலக்கரை

இதில் என்ன மர்மம் இருக்கிறது? நிறைகுடம் தளும்பாது. காலிப் படகுக்கு எடை இல்லை, அதனால் ஆடுகிறது. சரக்கு, டீசல், ஐஸ் எல்லாம் ஏற்றியபின் அடங்கிவிடும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை போல அடியில் கனம் இருந்தால் எந்தப் படகும் கவிழாது. உங்கள் அக்காவை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள்.

கப்பல்கணக்கு

நீலக்கரை சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி ஆளைக் கவிழ்க்கும்.

முதலில் அந்தத் தலையாட்டிப் பொம்மையை ஒதுக்கிவைப்போம். நம் மனத்தில் பதிந்த உவமை அதுதான், ஆனால் பெரும்பாலான படகுகள் அப்படி நிமிர்ந்து நிற்பதில்லை. சாதாரணப் படகில் மொத்த எடையின் மையம் மிதப்பு மையத்துக்கு, அதாவது தண்ணீருக்குள் அமிழ்ந்த பகுதியின் நடுப்புள்ளிக்கு, மேலேதான் இருக்கும். அப்படியிருந்தும் படகு நிற்பதற்குக் காரணம் அகலம். படகு வலப்பக்கம் சாய்ந்தால், அந்தப் பக்கம் கூடுதல் உடல் தண்ணீருக்குள் போகிறது, இடப்பக்கம் அதே அளவு வெளியே வருகிறது. மிதப்பு மையம் வலப்பக்கம் நகர்ந்து, அங்கிருந்து மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசையின் கோட்டை மேலே நீட்டினால் படகின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். அந்தப் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர். பெயர் வைத்தவர் 18ஆம் நூற்றாண்டில் பியர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர். எடை மையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருக்கும்வரை படகு தானே நிமிரும். மேலே போய்விட்டால், நிமிர்த்த வேண்டிய அதே தண்ணீர் படகைக் கவிழ்க்கத் தொடங்கும்.

இனி ‘எடை இல்லை, அதனால் ஆடுகிறது’ என்பதைப் பார்ப்போம். 2.4 மீட்டர் அகலமுள்ள ஒரு சதுரப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அரை மீட்டர் ஆழம் அமிழ்ந்திருந்தால் அதன் மெட்டாசென்டர் அடித்தட்டிலிருந்து 1.21 மீட்டர் உயரத்தில் இருக்கும். பாரத்தை இறக்கிக் கால் மீட்டர் மட்டும் அமிழ விட்டால் 2.05 மீட்டருக்கு ஏறிவிடும். அதாவது காலிப் பெட்டிக்கு மெட்டாசென்டர் உயரம் அதிகம். எடை குறைவு என்பதற்காக மட்டும் எதுவும் கவிழ்வதில்லை.

ஆனால் படகு பெட்டி அல்லவே. கீழே போகப்போக ஒடுங்குகிறது. காலியாக மிதக்கும்போது தண்ணீர்க் கோட்டில் அகலம் 2.4 மீட்டர் இராது, 1.9 ஆகக்கூட இருக்கலாம். அகலம் இந்தக் கணக்கில் மும்மடியாக (அகலம் × அகலம் × அகலம்) நுழைகிறது. 2.4 போய் 1.9 வந்தால் அந்த அகலம் தரும் நிமிர்த்தும் பலம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மெட்டாசென்டர் பெட்டியில் ஏறியதுபோல் இங்கே ஏறும் என்று நம்பிவிட முடியாது.

இறக்கும் நாளில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கூரை, கண்ணாடி, கைப்பிடி, அலமாரி, கொடிக்கம்பம் எல்லாம் முன்பே ஏறியிருக்கும். டீசல், தண்ணீர், அடிப்பாரம், சில இடங்களில் என்ஜின்கூட, ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டிருப்பார்கள். மேலே இருக்க வேண்டியது எல்லாம் வந்துவிட்டது, கீழே இருக்க வேண்டியது எதுவும் வரவில்லை. அந்தப் படகின் வாழ்நாளிலேயே எடை மையம் மிக உயரத்தில் நிற்கும் நாள் பெரும்பாலும் அதுதான். அன்றைக்குத்தான் ஊரையே அழைத்து மேலே ஏற்றுகிறோம்.

சந்தேகப்பேர்வழி

இதெல்லாம் 200 ஆண்டுகளாகத் தெரிந்த கணக்கு என்கிறீர்கள். பிறகு கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டுகிறவர்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகிறது?

கப்பல்கணக்கு

கணக்கு தெரியும். கணக்கில் எழுதிய எடையும் படகில் ஏறிய எடையும் ஒன்றாக இருப்பதில்லை. வரைபடத்தில் 6 மில்லிமீட்டர் பலகை என்று இருக்கும். கடையில் அது இல்லையென்று 12 வாங்குவார்கள். உரிமையாளர் வந்து, சமையலறைக்குக் கருங்கல் மேடை வேண்டும் என்பார். அவர் மனைவி மேல்தளத்தில் ஒரு குளிர்சாதனம் கேட்பார். ஒவ்வொன்றும் 40 கிலோ, 60 கிலோ. யாருக்கும் உறுத்தாது. ஒரு விதிபோலவே சொல்லலாம்: பிறகு சேர்ப்பவை பெரும்பாலும் மேலேதான் சேரும், ஏனென்றால் கீழே இடம் இராது.

கிளைடுக்கரை

நான் கிளாஸ்கோவில் இருக்கிறேன். இங்கே கோவன் பகுதியில் எல்டர் பூங்காவில் ஒரு நினைவுச்சின்னம் உண்டு. மாலை நடையில் அதைத் தாண்டாமல் போக முடியாது. குப்பத்துக்காரன் கேட்ட கேள்விக்கு அதுவே ஒரு விடை.

1883 ஜூலை 3. லின்ட்ஹவுஸ் கப்பல் கட்டும் தளத்தில் ‘டாஃப்னி’ என்ற சிறிய நீராவிக் கப்பலைக் கிளைடு ஆற்றில் இறக்கினார்கள். உள்ளே சுமார் 200 தொழிலாளர்கள். விருந்தாளிகளோ வேடிக்கை பார்க்க வந்தவர்களோ அல்ல. தச்சர்கள், குழாய் வேலைக்காரர்கள், எடுபிடிப் பையன்கள். கப்பல் தண்ணீரைத் தொட்டவுடன் மீதி வேலையைத் தொடர்வதற்காக முன்பே ஏற்றியிருந்தார்கள். கருவிகளும் மரத்துண்டுகளும் கட்டாமல் கிடந்தன. சறுக்கி இறங்கும் கப்பலைப் பிடித்து நிறுத்த இருபுறமும் சங்கிலியும் நங்கூரமும் இருந்தன. ஒரு பக்கத்து நங்கூரம் மண்ணைப் பிடித்தது, மறுபக்கத்து நங்கூரம் இழுபட்டுக்கொண்டே போனது. கப்பல் திரும்பியது, ஆற்றோட்டம் பக்கவாட்டில் பிடித்தது, சாய்ந்தது. ஆட்களும் பொருள்களும் சாய்ந்த பக்கமே சரிந்தார்கள். 124 பேர் இறந்துபோனார்கள். கரை கூப்பிடு தூரத்தில் இருந்தது.

விசாரித்தவர் சர் எட்வர்ட் ரீட். இந்த மனிதரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். 1870 வரை பிரிட்டிஷ் கடற்படையின் தலைமை வடிவமைப்பாளர். அப்போது கூப்பர் கோல்ஸ் என்ற அதிகாரி, பத்திரிகைகளின் ஆதரவோடு, ‘கேப்டன்’ என்ற போர்க்கப்பலைத் தன் திட்டப்படி கட்டவைத்தார். ரீட் எதிர்த்தார், எடுபடவில்லை. கட்டி முடித்தபோது கப்பல் திட்டமிட்டதைவிடக் கனத்துப்போய், பக்கவாட்டு உயரத்தில் ஏறத்தாழ 2 அடி தண்ணீருக்குள் போயிருந்தது. கப்பல்கணக்கு சொன்ன கருங்கல் மேடைதான், பெரிய அளவில். 1870 ஜூலையில் சாய்வுச் சோதனை (பாரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி, கப்பல் எவ்வளவு சாய்கிறது என்று அளப்பது) நடத்தினார்கள். கணக்குப் போட்டு முடிப்பதற்குள் கப்பல் கடலில் இருந்தது. நிமிர்த்தும் விசை 21 பாகைச் சாய்விலேயே உச்சத்தைத் தொட்டுவிடும், அதற்குமேல் குறையத் தொடங்கும் என்று கணக்கு சொன்னது. அருகிலேயே பயணம் செய்த ‘மோனார்க்’ கப்பலுக்கு அந்த உச்சம் 40 பாகை. செப்டம்பரில் ஸ்பெயினின் ஃபினிஸ்டர் முனைக்கு அப்பால் ஒரு புயல் இரவில் ‘கேப்டன்’ கவிழ்ந்தது. ஏறக்குறைய 480 பேர் போனார்கள், கோல்ஸும் அவர்களோடு.

13 ஆண்டுகள் கழித்து அதே ரீட் வந்து ‘டாஃப்னி’யின் கணக்கைப் போட்டார். ஆரம்ப நிலைப்பு, அதாவது சிறு சாய்விலிருந்து நிமிரும் பலம், மிகக் குறைவு, ஆட்கள் மிக அதிகம், பொருள்கள் கட்டப்படவில்லை. இறக்கும் கப்பலில் அதைக் கட்டி நிறுத்தத் தேவையானவர்கள் மட்டுமே இருக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு அந்த விபத்துக்குப் பிறகு வந்தது.

நினைவுச்சின்னத்தின் முன் நின்று பெயர்களைப் படித்தால் ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வரும் இடங்களில் கண் நின்றுவிடும்.

நீலக்கரை

சரி, பொம்மையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என்னுடைய அடிப்படைக் கருத்து மாறவில்லை. அடியில் நாலு மூட்டை மணல் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. அந்தக் காலப் பாய்மரத் தோணிகள் சரக்கு இல்லாமல் திரும்பும்போது மணலோ கல்லோ ஏற்றிக்கொண்டுதானே வந்தன?

உளிச்சத்தம்

நாற்பது ஆண்டு படகு கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். மணல் போடலாம், ஆனால் நகராமல் கட்டவேண்டும். கட்டாத மணல் மூட்டை, படகு சாயும்போது தானும் சாய்ந்த பக்கம் போகும். டாஃப்னியில் கிடந்த மரத்துண்டு செய்த வேலையை அது செய்யும். இன்னொன்று, அடிப்பாரம் போடப்போடப் படகு அமிழும். ஓரம் தண்ணீருக்குக் கிட்டே வரும். சிறிய சாய்வுக்கே தண்ணீர் ஏறிவிட்டால் அடியில் எவ்வளவு கனம் இருந்து என்ன?

தம்பி குப்பத்துக்காரா, நீ கேட்டதில் இன்னும் யாரும் தொடாத இடம் ஒன்று உண்டு. படகு நிலத்தில் இருக்கும்போதும் பயமில்லை, முழுதாக மிதக்கும்போதும் அவ்வளவு பயமில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடம்தான் எமன். சறுக்குத்தளத்தில் பின்பக்கம் முதலில் மிதக்கும். முன்பக்கம் இன்னும் தொட்டில் கட்டையின்மேல் உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டை படகின் அடியிலிருந்து மேலே முட்டிக்கொண்டிருக்கிறது. அடியில் முட்டுவது, அடியிலிருந்து ஒரு பாரத்தைக் கழற்றி எறிந்ததற்குச் சமம். அந்த நேரத்துக்கு எடை மையம் உயர்ந்துவிட்டதுபோல் படகு நடந்துகொள்ளும். கொஞ்சநஞ்ச நிலைப்பு உள்ள படகாக இருந்தால் அங்கேயே தள்ளாடும்.

கிரேனில் இறக்கினால் வேறு விதமான ஏமாற்று. படகைத் தாங்கும் கிரேன் பட்டை இறுக்கமாக இருக்கும்வரை படகு பட்டாளத்துக்காரன்போல் நிமிர்ந்து நிற்கும். எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் அதைப் பிடித்திருப்பது கிரேன். பட்டை தளர்ந்த பிறகுதான் படகு தன் சொந்தக் காலில் நிற்கிறது. என் இளவயதில், நான் வேலை செய்த ஒரு பட்டறையில் பட்டையை உடனே உருவிவிட்டார்கள். மேல்தளத்தில் பூசைக்கு ஏறிய 15 பேர். 65 கிலோ வீதம் பார்த்தாலும் ஒரு டன் தலைமேல். ஐயர் மணியடிக்கும் முன்பே படகு படுத்துவிட்டது. கழுத்தளவுத் தண்ணீர், அதனால் தேங்காய்த் தட்டோடு போயிற்று. அதற்குப் பிறகு நான் இறக்கிய எந்தப் படகிலும் பட்டையைத் தளர்த்திவிட்டு, கழற்றாமல் அரைமணி நேரம் வைத்திருப்பேன். அந்த அரைமணியில் ஒருவன் உள்ளே போய் டார்ச் அடித்துத் தண்ணீர் கசிகிறதா என்று பார்ப்பான். பூசையைக் கரையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

சந்தேகப்பேர்வழி

வடகொரியாவில் 2025 மே மாதம் சோங்ஜின் துறைமுகத்தில் கவிழ்ந்ததே, 5,000 டன் போர்க்கப்பல், அதுவும் இந்தக் கணக்குதானா?

உளிச்சத்தம்

அது வேறு. பக்கவாட்டில் இறக்கினார்கள். அப்படி இறக்கும்போது முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் நகரவேண்டும். பின்பக்கம் முந்திக்கொண்டது, முன்பக்கம் மேடையிலேயே மாட்டிக்கொண்டது. முறுக்கிக்கொண்டு படுத்துவிட்டது. படகின் குணம் எப்படி இருந்தாலும் இறக்கும் விதம் பிசகினால் அதுதான் கதி. ஜூன் மாதமே தூக்கி நிறுத்திவிட்டார்கள், அந்தமட்டில் சாமர்த்தியம்.

கப்பல்கணக்கு

மேலே வேலை முழுவதையும் முடித்துவிட்டு இறக்கியதற்குத் தெளிவான உதாரணம் வேண்டுமானால் இத்தாலியின் ‘பிரின்சிபெஸ்ஸா யோலாண்டா’. 1907 செப்டம்பர் 22, ரீவா திரிகோஸோ. பயணிகள் கப்பல், மேல்தளங்கள், மெத்தை நாற்காலி, பீங்கான் உட்பட எல்லாம் தயார். நிலக்கரி அறைகள் காலி, அடிப்பாரம் இல்லை. வழுக்கி இறங்கியது, சாய்ந்தது, சாய்ந்துகொண்டே இருந்து ஒரு மணி நேரத்துக்குள் விருந்தினர் கண்முன்னே மூழ்கியது. உயிர்ச்சேதம் இல்லை. அதன் தங்கைக் கப்பலை மறு ஆண்டு இறக்கியபோது மேல்வேலை பெரும்பகுதியை நிறுத்திவைத்துவிட்டு இறக்கினார்கள். பாடம் எவ்வளவு சுருக்கமாகப் படிக்கப்பட்டிருக்கிறது பாருங்கள்.

குப்பத்துக்காரன், உங்கள் தொட்டிக்கு வருவோம். 500 லிட்டர் என்றால் அரை டன். அது கூரையில். தொட்டி பாதி காலியான பிறகு இன்னொரு தொல்லை தொடங்கும். படகு சாயும் பக்கமே தண்ணீரும் ஓடும். இந்த ஓட்டத்தின் பாதிப்பும் தொட்டி அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது. நீளவாக்கில் நடுவே ஒரு தடுப்பு வைத்து இரண்டாகப் பிரித்தால் பாதிப்பு நான்கில் ஒன்றாகும். படகின் அடியில் தேங்கும் தண்ணீருக்கும் இதே விதிதான். கணுக்கால் அளவுதானே என்று விடாதீர்கள், படகின் முழு அகலத்துக்கும் பரவி ஓடுவது அது.

குப்பத்துக்காரன்

மச்சானிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். ‘கணினியில் உட்கார்ந்து கடலுக்குக் கணக்குப் போடுகிறார்களா?’ என்றார். வரைபடம் என்று எதுவும் எங்களிடம் இல்லை. வேறொரு படகைப் பார்த்து அச்சு எடுத்ததுதான். கணக்குப் போட எண்களே இல்லாதவன் என்ன செய்வது?

வாத்தியார்

எண்கள் வேண்டாம், ஒரு கைக்கடிகாரம் போதும். அதற்கு முன் ஒரு கதை.

1628இல் ஸ்டாக்ஹோமில் ‘வாசா’ என்ற போர்க்கப்பல் புறப்படத் தயாராக நின்றது. இரண்டு பீரங்கித் தளங்கள், 64 பீரங்கிகள். மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். தலைமைத் தச்சர் முந்தைய ஆண்டே இறந்துவிட்டிருந்தார். நிலைப்பைச் சோதிக்க 30 பேரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சேர்ந்து ஓடச் சொன்னார்கள். மூன்று முறை ஓடியதற்குள் கப்பல் பயங்கரமாக ஆடவே, தளபதி சோதனையை நிறுத்திவிட்டார். சோதனையைத்தான் நிறுத்தினார், பயணத்தை அல்ல. ஆகஸ்ட் 10 அன்று பாய் விரித்து ஏறத்தாழ 1,300 மீட்டர் போனதும் ஒரு சாதாரணக் காற்றுக்குச் சாய்ந்து, திறந்திருந்த கீழ்வரிசைப் பீரங்கிச் சாளரங்கள் வழியே தண்ணீர் ஏறி மூழ்கியது. அடியில் சுமார் 120 டன் கல் இருந்தது, நீலக்கரை கவனிக்க. இன்னும் கல் போட்டிருந்தால் அந்தச் சாளரங்கள் தண்ணீருக்கு மேலும் நெருங்கியிருக்கும். விசாரணை நடந்தது, யாருக்கும் தண்டனை இல்லை. 1961இல் தூக்கியெடுத்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே ஆட்டிப் பார்ப்பது 400 ஆண்டு பழைய வித்தை, அது பொய் சொல்லாது. அமைதியான தண்ணீரில் கயிறுகளைத் தளர்த்திவிட்டு, ஓரத்தில் ஒருவர் நின்று தாளம் தவறாமல் அமுக்கி அமுக்கி விடுங்கள். ஆடத் தொடங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு பக்கம் போய், மறுபக்கம் போய், புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவது ஓர் ஆட்டம். பத்து ஆட்டத்துக்கு நேரம் எடுத்துப் பத்தால் வகுங்கள். படகின் அகலத்தை 0.8ஆல் பெருக்கி, ஆட்ட நேரத்தால் வகுத்து, விடையை அதனாலேயே ஒருமுறை பெருக்குங்கள். எடை மையத்துக்கும் மெட்டாசென்டருக்கும் இடையில் எத்தனை மீட்டர் என்று ஏறத்தாழ வந்துவிடும். 0.8 என்பது தோராயம்தான், படகுக்குப் படகு சற்று மாறும்.

வெடுக்வெடுக்கென்று ஆடும் படகைப் பார்த்துப் பயப்படுவார்கள். பயப்பட வேண்டியது தூளிபோல் நிதானமாக ஆடும் படகைப் பார்த்து. சாய்ந்து, யோசித்து, பிறகு திரும்பும் படகில் நான் ஏறமாட்டேன்.

உளிச்சத்தம்

வாத்தியார் சொன்னதோடு ஒன்று. இறக்கியதும் படகு காரணமில்லாமல் ஒரு பக்கம் சற்றே சாய்ந்து நின்றால், மறுபக்கம் நாலு பேரை ஏற்றிச் சமன் செய்யாதே. எடை ஒருபக்கம் கூடியதால் வந்த சாய்வா, தலை கனத்ததால் வந்த சாய்வா என்று முதலில் பார். தலை கனத்த படகு நேராக நிற்க முடியாமல் ஏதாவது ஒரு பக்கம் போய் ஒதுங்கி நிற்கும். இப்பக்கம் நிற்பதை அப்பக்கம் தள்ளினால் நடுவில் நிற்காது, வேகமெடுத்து மறுபக்கம் விழும். அந்த வேகத்திலேயே கவிழும். முதலில் மேலே உள்ளவர்களை இறக்கு, பிறகு அடியில் பாரம் வை, அதையும் சாய்ந்த பக்கத்திலிருந்து தொடங்கு.

சந்தேகப்பேர்வழி

சாய்ந்த பக்கத்திலேயே பாரமா? இன்னும் சாயாதா?

உளிச்சத்தம்

சற்றுச் சாயும். ஆனால் துள்ளாது. துள்ளுவதுதான் கொல்லும்.

குப்பத்துக்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வெள்ளோட்டம் முடிந்தது. பூசை கரையில். படகில் நால்வர் மட்டும். கிரேன் பட்டையை உடனே கழற்றவிடவில்லை, அதற்கு ஓட்டுநருக்கு 200 ரூபாய் அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது.

தொட்டி இல்லாமல் பத்து ஆட்டத்துக்கு 22 வினாடி. வாத்தியார் கணக்குப்படி 0.76 மீட்டர். பிறகு தொட்டியைக் கூரையில் ஏற்றி நிரப்பினோம். மச்சான் பிடிவாதம் பிடித்ததால்தான். 29 வினாடி. விடை 0.44. எண்ணைவிட, ஆட்டம் மாறியதை நால்வரும் காலிலேயே உணர்ந்தோம். என் கை தானாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

கப்பல்கணக்கு

ஒற்றைத் தள மீன்பிடிக் கப்பல்களுக்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு சொல்லும் குறைந்தபட்சம் 0.35 மீட்டர். ஆனால் அது 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ளவற்றுக்கு. ‘0.44 இருக்கிறதே, போதும்’ என்று உங்கள் மச்சான் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள். உங்கள் படகில் நாலு பேர் வலை இழுக்க ஒரே ஓரத்துக்கு வந்தாலே எடையில் கணிசமான பங்கு நகர்ந்துவிடும். வலை கனத்தால் இன்னும் கூடும். பெரிய கப்பலுக்கு அந்தக் கவலை இவ்வளவு இல்லை.

குப்பத்துக்காரன்

அவரே இறக்கிவிட்டார். தொட்டி இப்போது என்ஜினுக்கு முன்னால், தரையோடு தரையாக, நடுவில் தடுப்போடு இருக்கிறது. குழாயில் தண்ணீர் வர ஒரு சிறிய மின்பம்பு வாங்கியிருக்கிறோம். என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அக்கா தூங்குகிறாள்.

உளிச்சத்தம்

பம்புக்குப் ஃபியூஸ் போட்டீர்களா?